அப்பாசாமி வீட்டு ஓட்டு

“எங்க வீட்டு ஓட்டு குடைக்குத்தான். நீங்க மனசுல வேற எதையும் வச்சுக்க வேணாம்” என்று முன்கூடத்தில் அப்பாசாமி சொன்னபோது, அந்த வீட்டில் இருந்த ஒரே ஓட்டுக்கு உரியவள் அடுப்படியில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கமலவேணியின் கை நின்றது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். பேசுவது அத்தனையும் கேட்டது.

“லிஸ்ட்ல உங்க மருமக பேருதான இருக்கு? அவங்ககிட்ட ஒரு வார்த்தை...” என்று இழுத்தார், குடைச் சின்னத்தில் நின்று ஓட்டுக் கேட்டு வந்திருந்த கணேசமூர்த்தி.

“அவளை என்னாத்தக் கேக்கறது? தோட்டத்துப் பொண்ணு. நான் சொல்ற எடத்துல கோடு போட்டுட்டு வரும்.”

கமலவேணி குவளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு திரையருகே போனாள். மாமியார் பொன்னம்மா குறுக்கே வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். “நீ இரு. ஆம்பளைங்க காரியம் பேசறாங்க.”

அவளைப் பற்றித்தான் பேசினார்கள்.

சுதந்திரம் வந்து இரண்டாவது வருடம் அது. மலாக்காவின் காஜா பேராங்கில் செட்டி கம்பத்துக்கு இரண்டு சந்து தள்ளி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமான அந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கு ஓட்டு இல்லை. அப்பாசாமியும் பொன்னம்மாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மகன் ராஜரத்தினம் நாலு வயதில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன். சுதந்திரம் வந்த ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுத்தால் மலாய்ப் பரீட்சைகூட இல்லாமல் குடியுரிமை உண்டு என்று ஊரெல்லாம் சொன்னார்கள். “ஊருக்குத் திரும்பிப் போறவனுக்கு இது எதுக்கு?” என்று சொல்லி அப்பாசாமி போகவில்லை, மகனையும் விடவில்லை. அவர் ஊருக்குத் திரும்பவும் இல்லை.

கமலவேணி மட்டும் மலாக்காவிலேயே பிறந்தவள். பெயர் பதிய வந்த அதிகாரி அவளுடைய பிறப்புப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, வயது இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். “பாத்தியா, நம்ம வீட்டுல இவ ஒருத்திதான் இந்த நாட்டுக்காரி” என்று அன்றைக்கு அப்பாசாமி சிரித்தார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த நினைப்பே இல்லை. கணேசமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் அது மறுபடியும் ஞாபகம் வந்தது.

நகரசபையில் ரோட்டு வேலை ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பாசாமி. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ்ப் பேப்பரை அவருக்குப் படித்துக் காட்டுவது கமலவேணியின் வேலை. முதல் பக்கத்திலிருந்து ரப்பர் விலை வரைக்கும் விடாமல் படிப்பாள். படித்து முடித்ததும், “இதெல்லாம் உனக்குப் புரியாது” என்று தொடங்கி, அவள் இப்போதுதான் படித்ததை அவளுக்கே விளக்குவார்.

புரியாமல் இல்லை அவளுக்கு. ரப்பர் தோட்டத்தில், கித்தா மரத்தின் அடியில் பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவில் மோட்டார் கார் விற்காவிட்டால் அவள் பிறந்த புக்கிட் ரம்பாயில் அடுப்பு எரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போன வருடம் விலை விழுந்தபோது, அவளுடைய அப்பா சின்னப்பா பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டு ஊரைப் பார்க்கப் போனது. வாங்கியவர்கள் நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் உள்ள துண்டு கணேசமூர்த்தியின் கைக்கு வந்தது. முப்பது நாள் கெடு. அதற்குள் போகாதவர்களின் கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தின் தகரமும் அந்த லாரியிலேயே போயிற்று. சின்னப்பா இப்போது குருபோங்கில் யாரோ ஒருவரின் கோழிக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு, கண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் போகிறார்.

இதைச் செய்த கணேசமூர்த்திதான் கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“ராஜரத்தினத்துக்கு என் ரப்பர் ஸ்டோர்ல தராசுக் கிராணி வேலை, எடை பாத்துக் கணக்கு எழுதறது. தேர்தல் முடிஞ்ச மறுவாரம் வந்து ஒக்காரட்டும். குடை ஜெயிச்சாலும் தோத்தாலும் என் பேச்சு பேச்சுதான்” என்றார் போகும்போது.

ராஜரத்தினத்துக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கிளேபாங்கில் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். விலை சரிந்ததும் பாதி ஆட்களை நிறுத்தினார்கள். குடியுரிமை இல்லாதவன் பெயர் முதலில் போயிற்று. கவர்ன்மெண்ட் வேலைக்கு மனுப்போடவும் அந்தக் காகிதம் வேண்டும். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆற்றோரக் கடைகளில் ஏறி இறங்குவான். மத்தியானம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி, கசங்காமல் ஆணியில் மாட்டுவான்.

குடையை எதிர்த்து வண்டிச்சக்கரம் சின்னத்தில் ஒருவர் நின்றார். அவருடைய கூட்டம் திடலில் நடந்தபோது ஒலிபெருக்கிச் சத்தம் கொல்லை வரைக்கும் வந்தது. தோட்டத் துண்டாடலை நிறுத்தச் சட்டம் வேண்டும், வெளியேற்றப்பட்டவர்களுக்கு வீடு வேண்டும், இங்கேயே பிறந்து இங்கேயே சாகப் போகிறவனை அந்நியன் என்று சொல்லாதே என்று அவர் தொண்டை கட்டக் கத்தினார். துணி காயப்போட வந்த கமலவேணி ஈரப் புடவையைத் தோளில் போட்டபடி கடைசி வரை கேட்டாள். தோள்பட்டை நனைந்து முதுகில் தண்ணீர் வழிந்தது. தன் வாழ்க்கையில் நடந்ததை முன்பின் தெரியாத ஒருவர் ஊரறியச் சொல்வதை அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை. தன் ஓட்டு எதற்கு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சின்னப்பா சைக்கிளில் வந்தார். கொல்லைப்புறமாக வந்து, கட்டிக்கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கை இறக்கினார். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

“உனக்கு ஓட்டு இருக்காமே, ஆயி?”

“இருக்குப்பா. சக்கரத்துக்குப் போடப் போறேன். அந்த ஆளு நம்ம தோட்டத்தைப் பத்தியே பேசினாரு. நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்திகூட.”

சின்னப்பா கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். “மாப்பிள்ளைக்கு வேலை போட்டுத் தர்றதா கணேசமூர்த்தி சொல்லியிருக்காராமே?”

“அந்த ஆளுதான உங்களை ரோட்டுல விட்டாரு?”

“விட்டாருதான். அதுக்கு இப்ப என்னா செய்ய முடியும்? போன தோட்டம் வரப்போவுதா? நீ குடைக்கே போட்டுரு. மாப்பிள்ளையாவது நெழல்ல ஒக்காந்து சம்பாரிக்கட்டும்.”

“அப்பா...”

“சொல்றதக் கேளு, ஆயி. எங்க கோவத்துக்கெல்லாம் நீ ஓட்டுப் போட வேணாம். அதை வச்சுக்கிட்டு சோறாக்க முடியாது.”

யாருக்காகக் கோபப்பட்டாளோ அவரே கோபம் வேண்டாம் என்கிறார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தில் திரும்பும் வரைக்கும் கமலவேணி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் மாமியார் அவளுக்குத் தன்னுடைய நல்ல புடவையைக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அப்பாசாமி ஒரு அட்டையில் குடைப் படத்தை வரையச் சொல்லி வாங்கிவந்து, “இது மேலிருந்து ரெண்டாவதா இருக்கும். இதுக்கு நேரா பெருக்கல் குறி” என்று மூன்று தடவை சொன்னார். தினமும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவள் தலையாட்டினாள்.

ராஜரத்தினம் வாசற்படி வரைக்கும் வந்தான்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வேணி. உன் இஷ்டம்.”

சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தால் அவள் இஷ்டப்படி செய்திருப்பாள். அவன் அங்கேயே நின்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு மாதத்தில் அவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டதை அந்த வெளிச்சத்தில் அவள் பார்த்தாள்.

செட்டி கம்பத்து நாகம்மா துணைக்கு வந்தாள், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டி வீட்டுக்காரி. பேர் தமிழ்ப் பேர், கோயில் நம் கோயில், பேச்சு மட்டும் மலாய். போன தேர்தலிலேயே ஓட்டுப் போட்டவள் என்பதால் நடை கொஞ்சம் மிடுக்காக இருந்தது. “ரஹ்சியா, கமலா, ரஹ்சியா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளே போனால் எல்லாம் ரகசியமாம். கட்டினவன்கூடக் கேட்கக் கூடாதாம்.

மலாய்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. சாக்குத் துணி மறைப்புக்குப் பின்னால் ஒரு மேசை, நூலில் கட்டின ஒரு பென்சில். பிறந்ததிலிருந்து கமலவேணி ஒரு அறையில் தனியாக நின்றதில்லை. லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர். இங்கே மாமியார், மாமனார், துணித்திரை. இந்த மறைப்புக்குள் மட்டும்தான் அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை. அவள் சக்கரத்தின் படத்தைப் பார்த்தாள். பென்சில் அதன் மேல் போய் நின்றது. இந்த ஒரு கோட்டினால் வெட்டின தோட்டம் ஒட்டிக்கொள்ளுமா? கித்தா விலை ஏறுமா? நாடு பெரிதாக இருந்தது, அவளுடைய ஓட்டு எறும்பளவாக இருந்தது. வாசற்படியில் நிற்கிற ஒருவனின் கழுத்தெலும்பு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

வெளியே யாரோ இருமினார்கள். கமலவேணி இரண்டாவது கட்டத்தில் குடைக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள். அழுத்திப் போட்டதில் பென்சில் முனை ஒடிந்தது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தவளிடம், “எப்படி?” என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள் நாகம்மா. கமலவேணி முன்னால் நடந்தாள்.

குடை தோற்றது. அறுபத்தெட்டு ஓட்டில் சக்கரம் ஜெயித்தது. மறுநாள் சக்கரத்துக்காரர்களின் லாரி கொட்டடித்துக்கொண்டு காஜா பேராங் ரோட்டில் போனபோது அவள் வாசலுக்குப் போகவில்லை. அவள் ஆசைப்பட்டவர் ஜெயித்துவிட்டார்; அவர் ஜெயித்தது அவள் இல்லாமல், அவளையும் மீறி. சந்தோஷப்படக்கூடத் தனக்குப் பாத்தியதை இல்லை என்று அடுப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அப்பாசாமி கணேசமூர்த்தியின் ஸ்டோருக்குப் போய்விட்டு முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

“நம்பிக் கழுத்தறுத்துட்டீங்கன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்யா! இந்தப் பக்கத்துத் தமிழன் ஓட்டு ஒண்ணும் விழலையாம். ‘உங்க மருமக அப்பன் வீட்டுக் கோவத்தைத் தீத்துக்கிட்டா’ங்கறான்.”

“நான் குடைக்குத்தான் போட்டேன், மாமா” என்றாள் கமலவேணி.

“போட்டிருந்தா அவன் ஏன் தோக்கறான்?”

“அறுபத்தெட்டு ஓட்டுல தோத்தாரு. என்கிட்ட இருந்தது ஒண்ணுதான.”

“எதிர்த்துப் பேசறா பாரு!” என்றாள் பொன்னம்மா. “அன்னிக்கே சொன்னேன், பால் வெட்டுறவன் வீட்டுல பொண்ணு எடுக்காதீங்கன்னு. கட்டிவிட்ட புடவையை உடுத்திக்கிட்டுப் போயி வேலையைக் கெடுத்துட்டு வந்திருக்கா.”

கமலவேணி புருஷனைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான் ராஜரத்தினம். “போட்டிருந்தா சரிதான்” என்றான் மெல்ல. அந்த ‘இருந்தா’ அவள் காதிலேயே நின்றது.

இரண்டு நாள் கழித்துப் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, சக்கரத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய தம்பிராஜா என்ற தையற்காரர் அவள் எதிரே வந்து கும்பிட்டார்.

“கேள்விப்பட்டேன்மா. அத்தனை பேர் அடிச்சுச் சொல்லியும், வீட்டுல இம்புட்டு நெருக்கடி இருந்தும், சக்கரத்துக்குப் போட்டீங்களாமே. உங்களை மாதிரி நாலு பொம்பளைங்க இருந்தா போதும்மா, நாடு உருப்பட்டுரும்.”

கீரைக்காரியும் நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் கமலவேணி. “கீரை ரெண்டு கட்டு போதும்” என்று கீரைக்காரியிடம் சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். செய்யாததற்கு வீட்டில் ஏச்சு, செய்யாததற்கே ரோட்டில் கும்பிடு. அவள் செய்தது என்ன என்று கேட்க ஊரில் ஒருவருமில்லை. சொன்னால் நம்பவும் ஒருவருமில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் சின்னப்பா காத்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் சண்டை எட்டியிருந்தது.

“குடைக்குத்தான போட்ட?”

“ஆமாம்பா.”

சின்னப்பா அவளை நம்பினார். அதைப் பற்றி மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பி, “அந்த ஸ்டோர்ல ரெண்டு கிராணி வேலையா இருக்கு?” என்று கேட்டார்.

“ஏம்பா?”

“தேர்தலுக்கு முந்தின வாரம் கண்ட்ராக்டரோட ரப்பர்க் கட்டிப்பாலை அங்க எடைக்குப் போடப் போனேன். ஒரு புதுப் பையன் தராசுல ஒக்காந்திருந்தான். கணேசமூர்த்தியோட மச்சினன் மகனாம். கை தேர்ந்த கிராணி மாதிரி எடை போட்டான். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல, அதான் இப்ப கேக்கறேன்.”

கமலவேணி கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாசாமி எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிக் கணேசமூர்த்தியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். பொன்னம்மா சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் சூடம் வைத்திருந்தாள். அன்றைக்குக் கமலவேணியைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள்.

“இங்க பாரு. நம்ம குடும்ப மானம் இதுல இருக்கு” என்றார் அப்பாசாமி. “குடைக்குத்தான் போட்டேன்னு சூடத்தை அடிச்சு சத்தியம் பண்ணு. ஐயா மனசு வச்சா ராஜுக்கு வேலை உண்டு.”

“பண்ணட்டும், பாக்கலாம்” என்றார் கணேசமூர்த்தி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

பொன்னம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். சூடம் பற்றிக்கொண்டது. கமலவேணியின் வலது கை தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. பொய்ச் சத்தியம் இல்லை. நாலு வார்த்தை உண்மை. சொல்லிவிட்டால் இந்த வீட்டில் மறுபடியும் நிமிர்ந்து நடமாடலாம்.

“சொல்லிடேன், வேணி” என்றான் ராஜரத்தினம் பின்னாலிருந்து. “உண்மையா போட்டிருந்தா சொல்றதுக்கு என்னா?”

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

“ஐயாவை ஒண்ணு கேக்கணும்” என்று கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். “தேர்தலுக்கு முந்தின வாரமே உங்க மச்சினரு மகன் தராசுல ஒக்காந்தாச்சுங்களே. இவரு எங்க ஒக்காருவாரு?”

கணேசமூர்த்தியின் கன்னம் ஆடியது. “அது... அது தற்காலிகமா. எங்க வீட்டு விசயம் உனக்கு எதுக்கு? முதல்ல சத்தியத்தைப் பண்ணு, சும்மா பேச்சை மாத்தாத.”

“சத்தியம் பண்ண மாட்டேங்க.”

“அப்படின்னா சக்கரத்துக்குத்தான் போட்டிருக்க!” அப்பாசாமி எழுந்தே நின்றுவிட்டார்.

“அதையும் சொல்ல மாட்டேன், மாமா.”

“பின்ன யாருக்குடி போட்ட?”

“அது சட்டப்படி ரகசியம். நீங்க, ஐயா, உங்க மகன், யாரும் கேக்கக்கூடாது.”

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் அவள் ஒரு பொருளைத் தன்னுடையது என்று சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டதைத்தான் அப்படிக் காத்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சூடம் யாரும் தொடாமலே எரிந்து முடிந்து தட்டில் கரிப்புள்ளி விழுந்தது. கணேசமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்பாசாமி ஏதேதோ சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் அவர் பின்னால் ஓடினார். பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கமலவேணி அடுப்படிக்கு வந்தாள். இனிமேல் இந்த வீட்டில் தன் சோறு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குருபோங் சாய்ப்பில் ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்பதும் தெரியும். பானையிலிருந்து அரிசியை அள்ளி முறத்தில் போட்டாள்.

திரை விலகியது. ராஜரத்தினம் வந்து பக்கத்தில் நின்றான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்டயாவது சொல்லு, வேணி. நெசமா யாருக்குப் போட்ட?”

அவள் முறத்தைத் தாழ்த்தி அவனைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற அதே முகம். உதடு வரைக்கும் வந்தது.

“கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றாள். “அரிசி களையணும்.”